சந்தைப் பின்தெருக் குக்கர் கடை: மலைக்கு அடுப்பு கொண்டுபோகிறவர்களுக்கு

நக்கிள்ஸ், நாரங்கல, றிவர்ஸ்டன் என்று மலைப் பக்கம் கிளம்புகிற திருகோணமலைக்காரர் யாராவது இதை வாசித்தால், கூடாரத்தையும் சப்பாத்தையும் பற்றிப் பிறகு யோசியுங்கள், முதலில் அடுப்பை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பின்தெருவில் இருக்கும் குக்கர் திருத்தும் கடைக்குப் போங்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன், அதை வாசிக்காமல் போய்விடாதீர்கள், உங்கள் அடுப்புக்கும் அதே கதி வரலாம்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், வாசலில் பழைய காஸ் குக்கர்களின் பேர்னர்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார், அதுதான் அடையாளம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டியதுதான். நம் ஊர் மான்கள் சில நேரம் அந்தத் தெரு வரைக்கும் வந்து, யாராவது வாசலில் வைத்த மரக்கறிப் பையை இழுக்கும். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே "ஏய்" என்று ஒரு சத்தம் போடுவார், அது போய்விடும். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுகிறோம். அறுபதைத் தாண்டியவர், கண்ணாடி மூக்கின் நுனியில் இருக்கும், கதை குறைவு.

நானா மலையேறுகிறவர் இல்லை. வாழ்நாளில் கூடாரத்துக்குள் படுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவரிடம் வழமையாக வருகிறவர்கள் கொட்பே துறைமுகத்துப் பலநாள் படகுக்காரர்கள். வாரக்கணக்கில் கரை காணாமல் நிற்கும் படகில் சோறு ஆக்குகிற அடுப்பு உப்புக் காற்றிலும் ஆட்டத்திலும் எரிந்தாக வேண்டும், நடுக்கடலில் அது நின்றுபோனால் பக்கத்துக் கடையில் வொஷர் வாங்க வழியில்லை. அப்படிப்பட்ட ஆட்களுக்கு வேலை செய்து பழகியவர் என்பதால் ஒரு அடுப்பு என்னென்ன விதமாகக் கெடும் என்று அவருக்குத் தெரிகிறது. கொழும்பிலிருந்து ஒன்லைனில் இந்தச் சின்ன அடுப்புகளை விற்கிறவர்களிடம் பழுது என்று சொன்னால் புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார்கள், அதோடு கதை முடிந்தது.

மலையேறும் அடுப்புகளைப் பற்றிய வெளிநாட்டு வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றித்தான் இருக்கும். பியூட்டேன் பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே போனால் ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மறை 12 பாகை வரை தாங்கும், புரொப்பேன் மறை 42 வரை போகும், அதனால் இவை கலந்து அடைத்த காஸ் டின் வாங்குங்கள் என்பார்கள். சரியான தகவல்தான். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு, அப்போது வெறும் பியூட்டேன் டின் சோர்ந்துபோகும். காஸ் ஆவியாகும்போது டின் தானாகவே குளிர்ந்துகொண்டு போவதால், வெளியே 8 பாகை இருந்தாலும் டின்னுக்குள் அதைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் திருகோணமலையில் வசிக்கிறவருடைய அடுப்பு மலையில் போய்க் கெடுவதில்லை, வீட்டில் சும்மா இருக்கும்போதுதான் கெடுகிறது. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையில் அது மாதக்கணக்கில் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும். உப்புக் காற்று பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், இரும்புக் கால்களில் துரு பிடிக்கும், ஆனி ஆடிக் கச்சான் காற்றின் சூட்டில் ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே குளவி. பேர்னருக்குக் கீழே காற்றும் காஸும் கலக்கிற அந்தச் சின்னக் குழாயைக் கண்டால் குளவிக்குக் கூடு கட்டாமல் இருக்க முடியாது. சிலந்தியும் அப்படித்தான், வலையை உள்ளே பின்னிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது, பற்றவைத்தால் மட்டும் சுவாலை மஞ்சளாகக் குதிக்கும்.

நான் கொண்டுபோனது இரண்டு அடுப்பு. ஒன்று, கால்களை மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற காஸ் அடுப்பு, குழாய் ஊடாக டின்னோடு இணைப்பது. மற்றது அப்பா காலத்துப் பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பு, காற்றடித்து எரிக்கிற வகை.

நானா முதலில் பற்றவைக்கவே மாட்டார். இதுதான் எனக்குப் பிடித்தது, மற்றக் கடைகளில் கையில் கொடுத்தவுடன் லைட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர் அடுப்பைத் திருப்பி, டின் பூட்டுகிற வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தென்னோலை ஈர்க்கு ஒன்றை ஒடித்து, அதன் நுனியால் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை மெதுவாகக் கிளப்பி எடுத்தார். ஊசியோ ஸ்குரூ டிரைவரோ போட்டால் பித்தளையில் கீறல் விழும், புது வளையம் போட்டாலும் அந்தக் கீறல் வழியே காஸ் கசியும் என்றார். எடுத்த வளையத்தை விரலில் மாட்டி இழுத்துக் காட்டினார். சாதாரணமாகப் பார்க்க நல்லாத்தான் இருந்தது, இழுத்தபோது சுற்றிவர மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

"தம்பி, இத எங்க வெச்சிருந்தீங்க?"

"அலுமாரிக்கு மேல, நானா. ஓட்டுக்குக் கீழ."

"அதான். சூடு குடிச்சிருக்கு."

அவ்வளவுதான் அவருடைய விளக்கம். அதே அளவில் புது வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, சிலிக்கன் கிரீஸ் ஒரு துளி தடவிப் போட்டார். கறுப்பு ரப்பர் எல்லாம் ஒன்றில்லை, காஸுக்கும் எண்ணெய்க்கும் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் வேண்டும், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வளையத்தை மாட்டினால் சில நாளில் ஊதிப் பெருத்துவிடும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். கூடவே இரண்டு உதிரி வளையம் கேட்டு வாங்கி, முதலுதவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது கசிவுச் சோதனை. டின்னைப் பூட்டி, அடுப்பின் திருகை இறுக மூடியபடி, பூட்டிய இடம் மட்டும் அமிழும்படி ஒரு பேசின் தண்ணீருக்குள் பிடித்தார். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே குமிழ் விடும், சின்னக் கசிவு அரை நிமிடத்துக்கு ஒன்று என்று விடும், மலையில் இரவு முழுக்கக் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கப் போவது இந்தச் சின்னக் கசிவுதான். தண்ணீருக்குள் போட முடியாத குழாய்ப் பூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷால் தடவினார். 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த காலத்தில் இந்தச் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை எல்லாக் குசினிகளுக்குள்ளும் வந்துவிட்டது, அம்மா இன்றைக்கும் சிலிண்டர் மாற்றினால் சன்லைட் கரைத்துக்கொண்டுதான் நிற்பார். ஆனால் வீட்டுச் சிலிண்டருக்கு அவ்வளவு பயப்படுகிற ஆட்களே, மலைக்குக் கொண்டுபோகும் சின்ன டின்னை ஒரு சோதனையும் செய்யாமல் முதுகுப் பைக்குள் திணிப்பதைப் பார்க்கிறேன். ஒரு விஷயம், சோதனை முடிந்ததும் சவர்க்காரத்தை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும், அப்படியே காயவிட்டால் பித்தளையில் கறை ஏறும்.

பேர்னருக்குள் காஸைப் பீச்சுகிற சின்னத் துளை முனையான ஜெட்டைப் பற்றி நானாவுக்கு ஒரு கோபம் உண்டு. இந்தச் சின்ன காஸ் அடுப்புகளின் ஜெட் ஓட்டை ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர்தான். அடைத்துக்கொண்டது என்று ஆட்கள் தையல் ஊசியை விட்டுக் குத்துவார்கள், ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு காஸ் கூடுதலாக வந்து சுவாலை மஞ்சளாகிப் புகை கக்கும், அந்த ஜெட்டை எறிவதைத் தவிர வழியில்லை. அவர் ஜெட்டைக் கழற்றி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடித்துத்தான் சுத்தம் செய்கிறார். என் அடுப்பில் ஜெட் சுத்தமாகத்தான் இருந்தது. கலவைக் குழாய்க்குள் குளவி மண் இருந்தது, ஈர்க்கால் கிளறித் தட்டியபோது மேசையில் ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொட்டியது.

பிறகுதான் பற்றவைத்தார். சுவாலை நீலமாக வந்தது, ஆனால் நடுநடுவே செம்மஞ்சள் பொறி தெறித்தது. இன்னும் அடைப்பு இருக்கிறது என்று நினைத்தேன். நானா இல்லையென்று தலையாட்டி, பேர்னர் தலையை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி பற்றவைத்தார். பொறி அநேகமாக இல்லாமல் போய்விட்டது. அது உப்பு. கடல் உப்பில் உள்ள சோடியம் நெருப்பில் பட்டால் அந்த நிறம்தான் வரும், கடற்கரை வீடுகளில் சமையலறைக் குக்கரிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். உப்பால் வருவது அங்குமிங்கும் தெறித்து மறையும், கேத்தலின் அடியில் கரி பிடிக்காது. காற்று போதாமல் வருகிற மஞ்சள் நிறம், சுவாலையின் நுனியில் நிலையாக நின்று சோம்பலாக ஆடும், பாத்திரத்தின் அடி கறுக்கும். இரண்டாவதை அலட்சியம் செய்யக் கூடாது, அது காபன் மொனொக்சைட்டையும் கூடவே தள்ளும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மழை பெய்கிறது என்று கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்கிற ஆட்கள் நம்மிலும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், நல்ல அடுப்பானாலும் செய்யாதீர்கள்.

இனி வருவது வேறு எந்தக் கடையிலும் நான் காணாதது. நானா ஒரு நெளிந்த கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்குள் கொதித்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்து, இந்தத் தடவை மேசை விசிறியை அடுப்புக்கு நேரே திருப்பிப் போட்டார்! படகுக்காரருக்குச் செய்கிற சோதனையாம். சுவாலை ஒரு பக்கம் சாய்ந்து படபடத்தது, அணையவில்லை, ஆனால் தண்ணீர் கொதிக்க முன்னையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடித்தது. "காத்துக்கு நிக்கும், ஆனா காஸ் குடிக்கும்" என்றார். றிவர்ஸ்டன் மேட்டுக் காற்றைக் கண்டவர்களுக்கு இந்தச் சோதனை எவ்வளவு பெறுமதி என்று விளங்கும்.

காற்றுத் தடுப்புத் தகடு வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. டின்னின் மேல் நேரடியாகப் பூட்டுகிற அடுப்பென்றால் தகட்டை முழு வட்டமாகச் சுற்றி அடைக்கக் கூடாது. சூடு உள்ளேயே தங்கி டின்னைச் சுட வைக்கும். 50 பாகைக்கு மேல் சூடாகவிடாதே என்று டின்னிலேயே அச்சடித்திருக்கும், கையால் தொட முடியாத சூடு வந்தால் அந்த எல்லையை நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். காற்று வருகிற பக்கம் மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். குழாய் வைத்த அடுப்பில் டின் தள்ளி இருப்பதால் இந்தத் தலையிடி குறைவு, அதனால்தான் நான் அந்த வகையை விரும்புகிறேன். அதே 50 பாகைக் கணக்கு உப்புவெளிக் கடற்கரையில் மத்தியான வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்கும் பொருந்தும், டின்னை அதற்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

காஸ் டின் பற்றிப் பேசும்போது நானாவின் மீது எனக்கு மரியாதை கூடிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையேறும் அடுப்புகளுக்கென்று வருகிற, தலையில் திருகுள்ள குட்டை டின் நம் ஊரில் இலகுவில் கிடைக்காது. அதனால் மேசை அடுப்புக்கு விற்கிற நீள டின்னை ஒரு அடப்டர் வைத்துப் பாவிக்கிறோம், 220 முதல் 250 கிராம் வரை காஸ் இருக்கும். நான் நின்ற நேரத்தில் இரண்டு பெடியள் வெறும் நீள டின்கள் நாலைந்தைக் கொண்டுவந்து, வீட்டுச் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தரச் சொன்னார்கள். சில இடங்களில் செய்துகொடுக்கிறார்கள், பாதி விலைதான். நானா முடியாது என்றார். பெடியள் கெஞ்சினார்கள், கூடக் காசு தருவதாகவும் சொன்னார்கள், அவர் டின்களைத் தள்ளி வைத்துவிட்டு என் அடுப்பைத் தொடர்ந்து துடைத்தார்.

அவர் சொல்லாத காரணத்தை நான் சொல்கிறேன். அந்த நீள டின் பியூட்டேனுக்கென்று செய்த மெல்லிய தகடு. நம் ஊர்ச் சூடான 30 பாகையில் பியூட்டேனின் அழுத்தம் 3 பார் கூட இல்லை. அதே சூட்டில் புரொப்பேனின் அழுத்தம் 10 பாரைத் தாண்டும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்தது, அந்தக் கனமான இரும்புச் சிலிண்டர் அதற்கென்றே செய்தது. அந்தக் கலவையை மெல்லிய டின்னுக்குள் ஏற்றி, அதையும் கணக்கில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கந்தளாய் ஹபரண வெயிலில் போகிறார்கள். போதாதற்கு டின்னின் வால்வு ஒரு தடவைப் பாவனைக்கு என்று செய்தது, திரும்பத் திரும்ப அமுக்கினால் கசியத் தொடங்கும். விலை குறைவு என்பதற்காக இதைச் செய்கிறவர்களோடு நான் பயணம் போவதில்லை.

மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்தபோது நானாவின் முகமே மாறிவிட்டது. இந்த வகை அடுப்பு சுவீடனில் 1892 இல் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த பிறைமஸ் அடுப்பின் வழிவந்தது. திரி கிடையாது, தாங்கியில் காற்றடித்து எண்ணெயை மேலே தள்ளி, சூடான குழாயில் ஆவியாக்கி, அந்த ஆவியை எரிக்கிறது. எங்கள் அடுப்பில் பம்ப் அடித்தால் பிடி தளர்வாகப் போய் வந்தது, காற்று ஏறவில்லை. உள்ளே இருக்கிற தோல் வொஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. நானா அதைக் கழற்றி, தையல் மெசின் எண்ணெயில் ஊறவிட்டு, விரலால் விளிம்பை விரித்துக் கொடுத்தார். இரண்டு தரம் முயன்றும் சரியாகப் படியவில்லை என்றதும் தோல் துண்டு ஒன்றில் புதிதாக வெட்டிப் போட்டார். வேறு எங்கேயும் இதைச் செய்கிற கை இப்போது இருக்கிறதோ தெரியாது. ஜெட்டுக்கு அதற்கென்று உள்ள பின்னைக் கொடுத்தார், இதில் குத்தலாம், பின்னின் கம்பி அந்த ஓட்டைக்கு அளவானது.

இந்த அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவர்கள் அதை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. பேர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரியவிட்டு, பேர்னர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆவியாகாத எண்ணெய் பீறிட்டு, மஞ்சள் நெருப்பு முழங்கால் உயரத்துக்கு எழும். தாங்கியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது, காற்றுக்கு இடம் வேண்டும். எண்ணெயைத் துணியில் வடித்து ஊற்றினால் ஜெட் அடைப்பதில் பாதி குறையும். 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் கிடைத்ததை வாங்கி ஊற்றிப் பல பேருடைய அடுப்பு அடைத்துப் போனதாக நானா சொன்னார். பாரம் அதிகம், மணம் பைக்குள் எல்லாம் ஏறும், ஆனால் குளிருக்கும் காற்றுக்கும் இது அசையாது, பலபேருக்குச் சோறு ஆக்க வேண்டுமென்றால் காஸைவிட இதுதான் தோது.

சரி, நட்சத்திரம் குறைந்த கதை. வளையம் எல்லாம் அவ்வளவு பக்குவமாக மாற்றிவிட்டு, கடைசியில் டின் பூட்டுகிற திருகுப்புரியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். "காவலுக்கு இருக்கட்டும்" என்றார். இது சரியல்ல. அந்த இடத்தில் காஸை மறிப்பது ரப்பர் வளையம் மட்டும்தான், திருகுப்புரியின் வேலை இழுத்துப் பிடிப்பது. டேப் சுற்றினால் திருகு முழுதாக இறங்காமல் வளையம் சரியாக அழுந்தாமல் போகலாம், பிய்ந்த துண்டு உள்ளே போய் ஜெட்டை அடைக்கவும் கூடும். நான் சொன்னபோது நானா ஒத்துக்கொள்ளவில்லை, படகு அடுப்பெல்லாம் இப்படித்தான் போகுது என்றார். படகில் இருப்பது வேறு விதமான பூட்டு. மூத்தவரோடு வாதாடி என்ன, வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் டேப்பை உரித்துவிட்டு மறுபடி தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தேன், ஒரு குமிழ் இல்லை. நீங்கள் போனால் முதலிலேயே "டேப் வேண்டாம் நானா" என்று சொல்லிவிடுங்கள்.

வேறு குறைகளும் உண்டு, பெரிதல்ல. படகுக்காரர் யாராவது வந்தால் உங்கள் அடுப்பு ஒதுக்கிவைக்கப்படும், அவர்கள் மறுநாள் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பயணத்துக்கு முதல் நாள் போய் நின்றால் அந்தரிப்பீர்கள். பில் எழுதித் தருவதில்லை. அடுப்போடு வருகிற தட்டிப் பற்றவைக்கும் பொத்தானைத் திருத்த மாட்டார், அது ஈரத்தில் எப்படியும் வேலை செய்யாது, நெருப்புப்பெட்டியும் லைட்டரும் வேறுவேறு பையில் கொண்டுபோ என்பார், அது நல்ல புத்திதான். காஸ் அடுப்புக்கு வளையத்தோடு 600 ரூபாய் எடுத்தார், பித்தளை அடுப்புக்குத் தோலோடு 1200. செய்த வேலைக்கு இது மலிவு.

கடையில் செய்யாத ஒரு வேலையை நீங்களே செய்ய வேண்டும், அது நிறை பார்ப்பது. புது டின்னை வாங்கியவுடன் குசினித் தராசில் வைத்து, வந்த எண்ணை மார்க்கரால் டின்னிலேயே எழுதுங்கள். எத்தனை கிராம் காஸ் என்பது டின்னில் அச்சடித்திருக்கும், கழித்தால் வெறும் டின்னின் நிறை வரும், பிறகு எப்போது நிறுத்தாலும் மிச்சம் தெரியும். காற்றில்லாத இடத்தில் ஒரு லீற்றர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 14 கிராம் காஸ் போகும். அந்தக் கணக்கில் 230 கிராம் டின் பதினாறு லீற்றர் கொதிக்கவைக்க வேண்டும். ஆனால் நானாவின் விசிறிச் சோதனையை நினைவில் வையுங்கள், காற்றில் அது பாதியாகும். அதோடு உயரம் வேறு. நக்கிள்ஸ் சிகரம் 1863 மீற்றர், அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், தேத்தண்ணிக்கு இது போதும், பருப்பு வேக மட்டும் மெத்த நேரம் எடுக்கும். ஆகவே நூடில்ஸ், அவல், முன்கூட்டியே வறுத்த மா மாதிரியானவற்றைக் கொண்டுபோகிறவர்களுக்கு காஸ் மிஞ்சும். மேலே போய்ப் பருப்புக்கறி வைப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் உதிரி டின்னைத் தாங்களே சுமக்கட்டும்.

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் வனப் பாதுகாப்புத் திணைக்களம் நெருப்பு மூட்ட விடாது, புற்காடு காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும். ஆகவே அடுப்பு பிழைத்தால் சுள்ளி பொறுக்கி எரிக்கலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. எங்கள் குழு ரத்தோட்டை வழியாக ஏறி, பிட்டவலப் பத்தனப் பக்கம் முடிந்த பயணத்தில் காஸ் அடுப்பு ஒரு தரம் கூட மக்கர் பண்ணவில்லை, காற்று பலமாக அடித்த காலையிலும் தேத்தண்ணி கிடைத்தது. பித்தளை அடுப்பைப் பாரம் என்று வானிலேயே விட்டுவிட்டோம்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் நானாவுக்குக் கொடுத்த காசு வீண். டின்னைக் கழற்றிவிடுங்கள், பூட்டியபடி மாதக்கணக்கில் விட்டால் வளையம் நசுங்கியபடியே இறுகிப்போகும். அடுப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் இல்லாமல் நிழலில் காயவிட்டு, ஜிப் வைத்த பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு மூடுங்கள். உப்புக் காற்றும் போகாது, குளவியும் போகாது. மண்ணெண்ணெய் அடுப்பின் தாங்கியை வெறுமையாக்கி, தோலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். ஓட்டுக்குக் கீழே அலுமாரி மேல்தட்டு வேண்டாம், கட்டிலுக்குக் கீழே குளிர்ச்சி.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை பூட்டினால் அன்றைக்கு அநேகமாகத் திறக்க மாட்டார், ஞாயிறு திறப்பார். காலை பத்து மணிக்கு முன் போனால் ஆறுதலாகச் செய்வார். அடுப்போடு நீங்கள் பாவிக்கிற டின்னையும் அடப்டரையும் சேர்த்தே கொண்டுபோங்கள், வெறும் அடுப்பைக் கொண்டுபோனால் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்.